கண்ணாடிக்கு அப்பால் ஒரு கட்டைவிரல்

ஜனவரி 8
காலை 6.10 மணி

அன்பு மச்சானுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். அங்கும் நலமே என்று கொள்கிறேன்; மாறாக இருப்பின் மறைக்காமல் எழுதவும். தொலைபேசி உங்கள் காதுக்கு ஒத்துவரவில்லை என்று உங்கள் மகள் சொன்னதிலிருந்து நம்மிடையே கடிதமே முறை என்று முடிவு செய்துவிட்டேன். பேசியது பறந்துவிடும்; எழுதியது இருக்கும்.

ஒரு செய்தி. வதந்தியாக உங்களை வந்தடையும் முன் நானே அறிவிப்பது முறை. இம்மாதம் முதல் தேதியன்று நிலைய இயக்குநரிடம் என் பணிவிலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். விதிப்படி மூன்று மாத முன்னறிவிப்பு. மார்ச் முப்பத்தொன்றுடன் என் இருபத்தாறு ஆண்டு வானொலிப் பணி முடிகிறது. காரணத்தைப் படித்ததும் சிரிக்க வேண்டாம். நான் ராப் பாடப் போகிறேன்.

நவம்பரில் நிலையத்தின் ஆண்டு விழாவில் இளம் அறிவிப்பாளர்கள் என்னை மேடைக்கு இழுத்து, "சார், எங்க பீட்டுக்கு நீங்க பேசிக் காட்டுங்க பார்ப்போம்" என்று சீண்டினார்கள். அன்றைய 'அறுபது விநாடி' நிகழ்ச்சிக்காக எழுதிய பத்தியில் இருபது விநாடி அளவுக்குத் தாளத்தின் மேல் வாசித்தேன். யாரோ படம் பிடித்து வெளியிட்டார்கள். இன்றுவரை ஒன்பது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். டிசம்பரில் நீங்கள் ஓய்வு பெற்றதும் இயக்குநர் என்ன செய்தார் தெரியுமா? 'அறுபது விநாடி'யை நிறுத்தினார். இனி இரண்டு பாட்டுக்கு நடுவே அறிவிப்பாளர் பன்னிரண்டு விநாடிக்கு மேல் பேசக் கூடாதாம். ஊரே என்னை 'மணிக்கூண்டு' என்று அழைக்கிறது. அந்த மணிக்கூண்டுக்குப் பன்னிரண்டு விநாடி.

ராப் என்பது என்ன என்று ஆராய்ந்து பார்த்தேன். அளந்த காலத்துக்குள் அளந்த சொற்களை, சிதையாமல், மூச்சு வாங்கும் ஓசை கேட்காமல் சொல்வது. இதைத்தானே இத்தனை ஆண்டுகள் செய்தோம்? ஏழு மணிச் செய்திக்குச் சரியாக ஒரு நிமிடம் முன்னால், நூற்றறுபது சொற்கள், அறுபது விநாடி. முந்தைய நாள் பிற்பகல் ஒலிப்பதிவு. டிக் டிக் ஓசை விழும் என்பதால் அறைக்குள் கடிகாரம் கூடாது. என் கைக்கடிகாரத்தையும் கழற்றி வெளியே வைத்துவிடுவேன். கண்ணாடிக்கு அப்பால் ஸ்டாப்வாட்சோடு நீங்கள். நான் முடித்ததும் உங்கள் கட்டைவிரல் உயரும். பதிவேட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் உங்கள் கையெழுத்தில் அறுபது, அறுபது, அறுபது. இந்த நாட்டில் எந்த ராப் பாடகனிடம் இப்படி ஒரு சான்று இருக்கிறது?

என் குரலை நான் ஒருபோதும் திரும்பக் கேட்டதில்லை என்பது நீங்கள் அறிந்த என் விதி. கேட்பவன் ரசிக்கத் தொடங்குவான், ரசிப்பவன் தளர்வான். ஆகவே பாட்டுக்கான ஒலிப்பதிவைச் செம்மை செய்யும் பொறுப்பை உங்களிடமே ஒப்படைக்க விரும்புகிறேன். காது மங்கினாலும் கணினித் திரையைப் பார்த்தே வேலை செய்வதாக எழுதியிருந்தீர்கள்.

உங்கள் தங்கை எதிர்க்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை. "எதுக்கும் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க" என்றாள். விலகல் கடிதத்தைக் கொடுத்த பிறகு கேட்பது முறையாகாது என்று தெரிந்தும் கேட்கிறேன்.

சென்ற ஆண்டு மருத்துவக் குழுவின் முன் நான் அளித்த சாட்சியம் குறித்து உங்களுக்கு மனத்தாங்கல் இருக்காது என்று நம்புகிறேன். கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னேன். உறவு வேறு, சாட்சியம் வேறு.

தங்கள் மைத்துனன்

*

ஜனவரி 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். கடிதம் கிடைத்தது. சிரிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள், சிரிக்கவில்லை. மகள்தான் படித்துவிட்டுச் சிரித்தாள். "மாமா தொப்பியைத் திருப்பிப் போட்டுக்குவாரா அப்பா?" என்று கேட்டாள். நீங்கள் தொப்பி போட்டால் அதன் விளிம்பு மூக்குக்கு நேராகத்தான் இருக்கும், அளவுகோல் வைத்துப் பார்ப்பார் என்றேன்.

என் பாடு இதுதான். இடது காது முழுவதும் போய்விட்டது. வலது காதில் பாதி இருக்கிறது. அதிலும் பகல் முழுக்க ஒரு ரீங்காரம், யாரோ பக்கத்து அறையில் மிக்சியைப் போட்டுவிட்டு மறந்துபோன மாதிரி. பேரன் வந்து கன்னத்தைத் திருப்பி, முகத்துக்கு நேராக நின்று பேசுகிறான். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காத மரியாதை.

மாப்பிள்ளை, நான் சொல்வதைக் கேளுங்கள். முன்னறிவிப்புக் காலம் முடியும்வரை விலகல் கடிதத்தைத் திரும்பப் பெறலாம் என்று விதி இருக்கிறது. விதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான். போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள். பன்னிரண்டு விநாடி என்றால் பன்னிரண்டு விநாடி. அதிலும் உங்களைப்போல் பேச அங்கே ஆள் இல்லை.

இருபது விநாடி வேறு, மூன்று நிமிடப் பாட்டு வேறு. வானொலியில் நாம் எடுத்தது ஒலிப்பதிவு. மேடையில் தாளம் நமக்காக நிற்காது. பஸ்ஸை விட்டவன் பின்னால் ஓடுவது மாதிரி ஆகிவிடும்.

வீட்டிலேயே இருந்து பாட்டுப் பதிவு செய்வதோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் அனுப்புங்கள். செம்மை செய்து தருகிறேன். மேடை மட்டும் வேண்டாம். ஏன் என்று கேட்காதீர்கள். வயதில் மூத்தவன் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவக் குழு விஷயம் நடந்தது நடந்தது.

தங்கையைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
மச்சான்

*

பிப்ரவரி 24
காலை 5.40 மணி

அன்பு மச்சானுக்கு,

வணக்கம். உங்கள் அறிவுரையை மதிக்கிறேன்; ஏற்கவில்லை. காரணம் கூறாத அறிவுரையை நிராகரிக்க எனக்குக் காரணம் தேவையில்லை அல்லவா?

தாளம் அமைக்க ஒரு பெண் கிடைத்திருக்கிறாள். இருபத்தேழு வயது. அந்தத் துறையில் எல்லோரும் அவளைச் 'சுத்தியல்' என்றே அழைக்கிறார்கள். காரணத்தை அவளுடைய தாளத்தைக் கேட்டால் அறிவீர்கள். ஒரு பழைய கிடங்கின் மாடியில் நுரைப் பஞ்சு ஒட்டிய சிறிய அறை. மின்கம்பிகள் தரையெங்கும் கிடக்கின்றன. இரண்டாம் நாள் நான் அவற்றைச் சுருட்டி, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டினேன். வந்து பார்த்துவிட்டு, "சார், இப்ப எது எங்க இருக்குன்னு எனக்கே தெரியலையே" என்றாள்.

பாட்டின் முதல் வரிகளை எழுதுகிறேன்:

நாலு மணிக்கு எழுந்தவன் நான், நாட்டுக்கே மணி சொன்னவன் நான்,
நீ பல்லைத் தேய்க்கும் நேரத்தில் பாதிச் செய்தி தின்றவன் நான்,
கண்ணாடிக் கூண்டுக்குள்ளே கால் நூற்றாண்டு நின்றவன் நான்,
மூச்சு விடும் ஓசையின்றி முள்ளை ஓடி வென்றவன் நான்.

முள் என்பது கடிகார முள். 'நின்றவன்' என்பதை 'நின்னவன்' என்று சொன்னால் இளைஞர்களுக்கு நெருக்கமாக இருக்கும் என்றாள். "நின்றவன்னு சொன்னா நியூஸ் மாதிரி இருக்கு சார்." நான் செய்தி வாசிப்பவன்தான் என்றேன். பத்து நிமிடம் வாதிட்டு, 'நின்றவன்' நின்றது.

ஒரேயொரு கருத்து வேறுபாடு தொடர்கிறது. காதில் தாளத்தைக் கேட்டுக்கொண்டே பாட வேண்டும் என்கிறாள். நான் மறுத்துவிட்டேன். தாளத்தின் வேகம் எண்ணிக்கையில் தெரியும். என்னுள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. தனியாகப் பேசித் தருகிறேன், அதைத் தாளத்தின் மேல் பொருத்தினால் மயிரிழை விலகாது என்றேன். அவள், "பீட்டு யாருக்காகவும் நிக்காது சார். பெரியவங்கன்னு அதுக்குத் தெரியாது" என்றாள். மரியாதையோடுதான் சொன்னாள்.

ஆகவே குரலை வீட்டில், துணி அலமாரிக்கு முன் அமர்ந்து, பழைய முறைப்படி கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பதிவு செய்தேன். ஒலிக்கோப்பை உங்கள் மகளின் மின்னஞ்சலுக்கு அனுப்பியுள்ளேன். பாட்டின் தாள அளவு இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி. சிறு தூசு தட்டினால் போதும்.

தங்கள் மைத்துனன்

*

மார்ச் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வேலை முடிந்தது. மகள் நேற்றே அனுப்பிவிட்டாள். இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு. சரியாக உட்கார்ந்திருக்கிறது.

பதினோரு நாள் ஆனது. காது இருந்த காலத்தில் இரண்டு நாளில் முடித்திருப்பேன். இப்போது திரையில் கோடுகளைப் பார்த்துத்தான் எல்லாம். சொற்கள் மலை மாதிரி எழும். நடுவே இருப்பது சின்னப் புல் மாதிரி. பார்த்துப் பார்த்துக் கண்ணும் சேர்ந்து போய்விடும் போலிருக்கிறது. குறை சொல்வதற்காக எழுதவில்லை. உங்கள் வரிகள் நன்றாக இருந்தன. கேட்கவில்லை, மகள் எழுதிக் காட்டினாள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். என் விண்ணப்பத்தை மருத்துவக் குழு தள்ளிவிட்டது நினைவிருக்கும். மற்ற நிகழ்ச்சிகளை எல்லாம் ஒலிபெருக்கியில் கேட்டுத்தான் வெட்டினோம். காதில் ஹெட்ஃபோன் மாட்டியது 'அறுபது விநாடி'க்கு மட்டும். அது தினமும் எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். "பத்து நிமிடத்துக்கு மேல் இராது" என்றீர்கள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்து, வேலையால் வந்த பாதிப்பு அல்ல என்று எழுதிவிட்டார்கள். வேலையால் வந்தது என்று ஒப்புக்கொண்டால் அவர்கள் மருத்துவமனையிலேயே வலது காதுக்கு அறுவை செய்வார்கள். இந்த ஆண்டுக்குள் செய்தால் மீதி இருப்பதைக் காப்பாற்றலாம், அப்புறம் வந்து பயனில்லை என்கிறார் டாக்டர்.

மேல்முறையீட்டுக்கு ஜூன் 30 கடைசி நாள். சாட்சி தன் வாக்குமூலத்தைத் திருத்தி ஒரு கடிதம் கொடுத்தால் திரும்ப விசாரிப்பார்களாம். பத்து நிமிடம் இல்லை, மாப்பிள்ளை. தினமும் இரண்டு மணி நேரம். குளிர்சாதன இயந்திர அறைக்குப் பக்கத்து அறை அல்லவா, அந்த இரைச்சலை மீறிக் கேட்க ஒலியை முழுக்க ஏற்றி வைத்திருந்தேன். பன்னிரண்டு வருஷம்.

ஒரு நிமிடத்துக்கு ஏன் இரண்டு மணி நேரம் என்று கேட்காமல் எழுதித் தர முடியுமா?

மச்சான்

*

ஏப்ரல் 16
காலை 6.05 மணி

அன்பு மச்சானுக்கு,

வணக்கம். பாட்டு இம்மாதம் இரண்டாம் தேதி வெளியானது. பதினான்கு நாட்களில் நான்கு லட்சம் பேர். "மூச்சே விடாம பேசுறார்யா இந்த மனுஷன்" என்பதுதான் அடிக்கடி காணப்படும் கருத்து. தேநீர்க் கடையில் ஒருவர் என்னை நிறுத்தி, "மணிக்கூண்டு சார், அந்த வென்றவன் நான் ஒரு தடவ சொல்லுங்க" என்றார். சொன்னேன். காசு வாங்க மறுத்துவிட்டார். உங்கள் தங்கை மட்டும் பாட்டை இதுவரை முழுதாகக் கேட்கவில்லை. தொடங்கியதும் ஏதோ வேலை இருப்பதாக எழுந்துவிடுகிறாள்.

செம்மைப் பணிக்கு மனமார்ந்த நன்றி. சிறு தூசுக்குப் பதினோரு நாள் என்பது எனக்கு விளங்கவில்லை. உங்கள் கண்பார்வையையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

உங்கள் வேண்டுகோளைப் பல முறை படித்தேன். மனம் இளகவே செய்தது. ஆனால் சாட்சியம் என்பது நான் அறிந்ததைச் சொல்வது. உறவினர் விரும்புவதைச் சொல்வதல்ல. நான் அறிந்தது இதுதான்: ஒலிப்பதிவு ஒரு நிமிடம், திரும்பக் கேட்பது ஒரு நிமிடம், தலைப்பும் முடிவும் ஒட்டுவது சில நிமிடம். தவறே இல்லாத ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் என்ன செய்தீர்கள்? காரணம் இருந்தால் எழுதுங்கள். சான்று இருந்தால் இணையுங்கள். மறுநாளே திருத்திக் கொடுப்பேன். ஏன் என்று கேட்காமல் எழுதித் தா என்பது, மன்னிக்கவும், பொய்ச்சாட்சிக்கு முன்னால் எல்லோரும் சொல்வது.

மே இருபத்தெட்டாம் தேதி பொறியியல் கல்லூரி மைதானத்தில் மேடை. பிற்பகல் நான்கு மணி. இரண்டாயிரம் மாணவர்கள். ஒத்திகைக்குச் சுத்தியல் மூன்று முறை அழைத்தாள். ஒருவன் நடக்கத் தெரியும் என்று நிரூபிக்க நடந்து காட்ட வேண்டியதில்லை.

தங்கள் மைத்துனன்

*

மே 31
காலை 4.15 மணி

மச்சானுக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பிறகு ஒரு கேள்வி கேட்பேன். அதற்கு மட்டும் பதில் தேவை.

நான்கு மணி இரண்டு நிமிடத்துக்குத் தாளம் தொடங்கியது. முதல் நான்கு வரிகள் சரியாகவே சென்றன, கைதட்டினார்கள். ஏழாவது வரியில் மூச்சு வாங்கினேன். நான் வாங்கிய அந்த நேரத்துக்குள் எட்டாவது வரி என்னைக் கடந்து போய்விட்டது. எட்டிப் பிடிக்க இரண்டு சொற்களை விட்டேன். பிறகு ஒரு வரியை விட்டேன். வாழ்நாளில் எழுதிய பத்தியில் ஒரு சொல்லை விட்டறியாதவன் நான். ஒலிவாங்கி என் மூச்சை வாரி எடுத்து, மைதானத்தின் நான்கு மூலைகளிலும் கொட்டியது. அந்த ஓசையை நான் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். துருத்தி ஊதுவது போல இருந்தது. யாருடையது என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

முன்வரிசையில் ஒருவன், "யாராச்சும் தாத்தாவுக்குத் தண்ணி குடுங்கடா" என்றான். சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். பிறகு, நான் மூச்சு வாங்கும்போதெல்லாம் இரண்டாயிரம் பேரும் சேர்ந்து மூச்சு வாங்கினார்கள், தாளத்துக்குச் சரியாக. அப்போது சுத்தியல் ஒன்று செய்தாள். தாளத்தின் வேகத்தைக் குறைத்தாள். எனக்காக. ஊன்றுகோல் நீட்டுவது போல. சிரிப்பு நின்று மைதானம் அமைதியானது. அந்த அமைதியில்தான் மேடையை விட்டு இறங்கினேன். இரண்டு நாட்களாக அந்த மூச்சைத் தனியே வெட்டி எடுத்து, அதற்கு வேறு வேறு தாளம் போட்டு வெளியிடுகிறார்கள். என் பாட்டைக் காட்டிலும் என் மூச்சு அதிகம் பேரைச் சென்றடைந்திருக்கிறது.

மறுநாள் சுத்தியல் வீட்டுக்கு வந்தாள். "சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க மச்சானுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க பேசினது இருக்கா?" என்றாள். என் நேர்மையை நிரூபிக்கவே கொடுத்தேன். இரண்டு கோப்புகளையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாள். நான் பேசியது மூன்று நிமிடம் நாற்பத்தொரு விநாடி. நீங்கள் திருப்பி அனுப்பியது இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு. நாற்பத்து மூன்று விநாடிகளைக் காணவில்லை. "அத்தனையும் மூச்சு சார்" என்றாள். "இவ்வளவு சுத்தமா வெட்டணும்னா அது ஒரு நாள் ரெண்டு நாள்ல வர்ற கை இல்ல. ரொம்ப வருஷம் உங்க குரல்லயே பழகின கை."

உங்கள் தங்கை அப்போது வாசலில் நின்றாள். வியப்பு அவள் முகத்தில் இல்லை.

கேள்வி இது. பதிவேட்டில் நீங்கள் எழுதிய அறுபதுகளில் எத்தனை உண்மை?

மைத்துனன்

*

ஜூன் 9
பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதல் பதினான்கு வருஷத்தின் அறுபதுகள் அத்தனையும் உண்மை. அதற்கு நான் எந்தக் கோயிலிலும் கற்பூரம் அணைப்பேன். பிந்திய பன்னிரண்டு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை.

உங்களுக்கு நிமோனியா வந்து ஆறு வாரம் படுத்திருந்தீர்களே, அதன்பின் திரும்பி வந்த முதல் நாள். நூற்றறுபது சொல். ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தேன், எழுபத்தொன்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வேர்த்திருந்தது. பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் கொடுக்கும்போது பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்த மாதிரி. என் கட்டைவிரல் தானாக எழுந்துவிட்டது. இன்று ஒரு நாள் மட்டும், உடம்பு தேறட்டும் என்று நினைத்தேன். நீங்கள் போன பிறகு உட்கார்ந்து பதினொரு விநாடி மூச்சை வெட்டி எடுத்தேன். ஒட்டு தெரியக் கூடாது, சொல்லின் வால் அறுபடக் கூடாது. அன்றைக்கு மூன்று மணி நேரம். கை பழகியபின் இரண்டு.

மறுநாள் எழுபது. அதற்கடுத்த மாதம் எழுபத்துமூன்று. தேறவில்லை. உயரும்போது எளிதாக உயர்ந்த விரல், இறக்கப் போனால் இறங்கவில்லை. தங்கையிடம் போய், நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணா, அவர்கிட்ட இருக்கறது அந்த ஒரு நிமிஷம்தான். மத்த இருபத்துமூணு மணி அம்பத்தொம்பது நிமிஷமும் அதுக்காகத்தான் அவர் மனுஷனா இருக்கார். அதையும் எடுத்துட்டா நான் அவரோட எப்படிக் குடித்தனம் பண்றது?" அப்புறம் நான் பேசவில்லை. அவளைக் கோபிக்காதீர்கள். வெட்டியது என் கை.

மூன்று தடவைக்கு மேல் நேரம் மீறினால் நிகழ்ச்சியை எடுத்துவிட்டு உங்களை ஒலிநூலகத்துக்கு மாற்றுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த விதியை எழுதிய குழுவில் நீங்களே இருந்தீர்கள்.

மருத்துவக் குழு அறையில் உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. வாயசைவைப் பார்த்து, நல்லபடியாகத்தான் ஏதோ சொல்கிறீர்கள் என்று நினைத்தேன், தலையைக்கூட ஆட்டினேன். பத்து நாள் கழித்து அறிக்கையில் படித்தேன், பத்து நிமிடம். மறுத்துப் பேசியிருந்தால் ஏன் இரண்டு மணி நேரம் என்று கேட்பார்கள். உங்கள் நிமிடத்தைக் காப்பாற்றப் போய்க் காதைக் கொடுத்தேன், காதைக் காப்பாற்ற நிமிடத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. முட்டாள்தனம்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்து யோசித்துச் செய்த முட்டாள்தனம்.

மேடை வேண்டாம் என்று கெஞ்சினேன். ஏன் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பிழை என்னுடையது. அந்த மைதானத்தில் நீங்கள் நின்ற நிலைக்கு நானும் பொறுப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போது காரணம் கேட்டீர்கள், எழுதிவிட்டேன். சான்று கேட்டீர்கள், இரண்டு கோப்புகளும் உங்கள் வீட்டுக் கணினியில் இருக்கின்றன. பதிவேட்டில் பொய் எழுதியதற்கு என்மேல் நடவடிக்கை வந்தால் வரட்டும், அதற்கும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஜூன் 30க்கு இன்னும் இருபத்தொரு நாள் இருக்கிறது. ஒரு வரி போதும். 'தினமும் இரண்டு மணி நேரம் என் குரலின் மேல் வேலை செய்தார்.' அவ்வளவுதான்.

பேரன் நேற்று முதல் முறையாக வாய்விட்டு ஒரு பக்கம் பாடம் படித்தானாம். எல்லோரும் கைதட்டியதைப் பார்த்து நானும் தட்டினேன்.

அன்பு மாறாத,
மச்சான்

*

ஜூலை 5

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

வணக்கம். நலம். தங்கள் நலனும் அவ்வாறே இருக்க விழைகிறேன்.

தாங்கள் ஜூன் ஒன்பதாம் தேதியிட்டு எழுதிய கடிதம், நான் ஓய்வுக்காக வெளியூர் சென்றிருந்த காரணத்தால், ஜூலை இரண்டாம் தேதியன்றுதான் என் கைக்குக் கிடைத்தது. அஞ்சல் துறையின் மெத்தனத்தை என்னவென்று சொல்வது? மேல்முறையீட்டுக்கான கெடு அதற்குள் கடந்துவிட்டது என்பதை அறிந்து பெரிதும் வருந்தினேன். குறித்த காலத்தில் கிடைத்திருந்தால் ஆவன செய்திருப்பேன். கெடு முடிந்தபின் அளிக்கப்படும் திருத்தத்தை ஏற்க விதியில் இடமில்லை.

மேலும், நிதானமாக எண்ணிப் பார்க்கையில், அத்தகைய கடிதம் தங்களுக்கே தீங்காக முடிந்திருக்கும். பதிவேட்டைப் பன்னிரண்டு ஆண்டுகள் திருத்தி எழுதியது சிறு குற்றமல்ல. தங்கள் ஓய்வூதியத்துக்கு ஊறு நேர நான் காரணமாக இருக்க விரும்பவில்லை. அந்த வகையில் நடந்தது நன்மைக்கே எனலாம்.

என்னைப் பற்றி ஒரு செய்தி. நிலையம் என்னைத் திரும்ப அழைத்திருக்கிறது. ஒலிபரப்புக்கு அல்ல, புதிய அறிவிப்பாளர்களுக்குக் குரல் பயிற்சி அளிக்க. கல்லூரி மைதானத்தில் நடந்ததை ஒலிவாங்கிக் கோளாறு என்று இயக்குநர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். என் தகுதிக்குச் சான்றாக 'அறுபது விநாடி' பதிவேட்டின் நகலைக் கோப்பில் இணைத்திருக்கிறார்கள். முதல் வகுப்பு மூச்சைக் கட்டுப்படுத்துவது குறித்து. ஆகவே பதிவேட்டில் உள்ளது உள்ளவாறே இருப்பது எல்லோருக்கும் நல்லது.

தங்கள் தங்கை நலம். முன்பைவிடக் குறைவாகப் பேசுகிறாள்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்

*

ஜூலை 12

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது.

என் பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை எனக்கு ஜூன் மாதமே திரும்பி வந்துவிட்டது. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து உங்களுடையது. அட்டையில் கையெழுத்துக்கும் தேதிக்கும் மட்டும்தான் இடம் விட்டிருக்கிறார்கள். நீங்கள் ஓரத்தில் நேரத்தையும் குறித்திருக்கிறீர்கள். ஜூன் 13, முற்பகல் 11.20. நேரத்தை யாரும் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷம் எதற்கும் நேரம் குறித்தே பழகிய கை, சும்மா இருக்காது.

அன்றிலிருந்து ஜூன் 30 வரை பதினேழு நாளும் தபால்காரர் வரும் நேரத்தில் நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தால் கேட்காதே என்றுதான்.

அட்டையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நகல் எடுத்து வைக்கவில்லை. தங்கையிடம் காட்டவும் இல்லை, சொல்லப் போவதும் இல்லை. அண்ணன் கடிதம் தாமதமாக வந்தது என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். அப்படியே இருக்கட்டும். உங்களுக்காக நான் வெட்டி எறிவது இதுவே கடைசி.

புதிய பிள்ளைகளுக்கு நல்லபடியாகச் சொல்லிக்கொடுங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கட்டைவிரலைத் தூக்கினால், ஸ்டாப்வாட்ச்சை ஒரு தடவை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தைச் சாதாரணத் தபாலில்தான் சேர்க்கிறேன். கிடைத்தது என்று கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர்